தஞ்சையிலிருந்து அந்தமானுக்குக் கப்பலில்

சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேர், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரம், ஏறக்குறைய மூன்று நாள் கடல். ஜனவரி முதல் ஏப்ரல் வரை அலை அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் வந்தால் கப்பல் தள்ளிப்போகும். தஞ்சைக்குத் திரும்பும் உழவன் எக்ஸ்பிரஸ் ரயில் டிக்கெட்டைக் கப்பல் கரைசேரும் நாளுக்கே போடாதீர்கள்.

படுக்கையை நடுக்கப்பலில், கீழ்த்தளத்தில் கேளுங்கள். முனைகளில்தான் ஆட்டம் அதிகம். குமட்டல் தொடங்கியபின் விழுங்கும் மாத்திரை வாந்தியோடு வெளியே வந்துவிடும். மருத்துவரிடம் கேட்டு, கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போடுங்கள். வெறும் வயிறு கூடவே கூடாது.

வழிக்குக் கட்டும் புளியோதரைக்கு நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, தாம்பாளத்தில் பரப்பி, முழுக்க ஆறியபின் கட்டுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் ஆவி வியர்த்துச் சொட்டும், மறுநாளே சோறு ஊசிவிடும்.

நிக்கோபார் தீவுகளுக்குத் தனி அனுமதி வேண்டும். அதை முதலில் வாங்குங்கள்.