மலையகப் பிள்ளைகளுக்குக் குளிர் உடுப்பு அனுப்புகிறவர்கள் விடும் பிழைகள்

ஐப்பசி பிறந்தால் போதும், யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு வாசிகசாலையோ பழைய மாணவர் சங்கமோ மலையகப் பள்ளிக்கூடங்களுக்குச் சுவெற்றர் சேர்க்கத் தொடங்கிவிடும். நல்ல காரியம்தான். இந்த முறை புதிதாக இறங்கியிருக்கும் பெடியள் போட்ட பட்டியலைப் பார்த்தேன். நாங்கள் முன்பு சறுக்கிய இடங்களிலேயே அவர்களும் கால் வைக்கிறார்கள். கிழிந்ததைக் கொடுக்காதே, தோய்த்துக் கொடு என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அதை விடுவோம்.

கனடா ஜக்கெற்

காசும் போய்ப் பயனும் இல்லாமல் போகிற பிழை இதுதான்.

கேட்டவுடன் ரொறன்ரோவில் இருக்கும் சித்தப்பாவும் மாமியும் பெட்டி போட்டுவிடுவார்கள். பஞ்சும் இறகும் அடைத்த ஜக்கெற், பெட்டியைப் பிரித்தால் தலையணை மாதிரிப் பொங்கி வரும். பார்க்கிற சனம் வாயைப் பிளக்கும். மார்கழி விடியலில் 22 பாகை வந்தாலே தலையில் துவாய் சுற்றுகிற ஆட்கள் நாங்கள். தடிப்பாக இருந்தால் நல்லது என்றுதான் எங்களுக்குத் தோன்றும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தை மாத இரவுகளில் 10 பாகைக்குக் கீழே போகும், சில நாள் புல்லில் உறைபனியும் படியும். ஆனால் அது கனடாக் குளிர் அல்ல. அங்கே உடுப்பில் விழுந்த பனியைத் தட்டிவிட்டு உள்ளே போனால் ஹீற்றர் இருக்கும். மலையகத்தில் இருப்பது ஈரக் குளிர்: மழை, தூறல், மூடுபனி. வகுப்பறையிலும் அதே குளிர், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலும் அதே குளிர். இறகு நனைந்தால் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். சூட்டைப் பிடித்து வைத்திருப்பது இறகுக்குள் அடைபட்ட காற்று. அது போனால் மிஞ்சுவது பாரம் மட்டும்தான்.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலை. கொடுத்துவிட்டு அடுத்த தவணை போனபோது தரம் 3 பெடியன் ஒருவன் வெறும் வெள்ளைச் சேட்டோடு இருந்தான். “ஜக்கெற் எங்கே தம்பி?” என்றால், “காயல சேர்” என்கிறான். லயத்தில் போய்ப் பார்த்தேன். அடுப்புக்கு மேலே கம்பியில் தொங்கியது. வெளிச்சீலை காய்ந்திருந்தது, கை நுனியைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டியது. ஒரே புகை மணம். ஒரு அறைக்குள் ஒரு குடும்பமே இருக்கிற இடத்தில் அதை வேறு எங்கே காயப்போடுவது? தாய் குறை ஒன்றும் சொல்லவில்லை. “நல்ல சாமானுங்க” என்றார்.

அதற்குக் கொடுத்த கார்கோக் காசை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. பெட்டிக் கூலி, கொழும்பில் எடுத்து யாழ்ப்பாணம் கொண்டுவருகிற செலவு, பிறகு ஏ9 வீதி வழியாகக் கண்டி, அங்கிருந்து மலை ஏற்ற வாகனம். அந்தக் காசுக்கு ஹற்றன் கடைகளிலேயே மெல்லிய சுவெற்றரும் மழைக்கோட்டும் வாங்கலாம். அளவு பிழைத்தால் ஆசிரியர் ஒருவர் அடுத்த சனிக்கிழமை கொண்டுபோய் மாற்றித் தருவார். ரொறன்ரோவில் வாங்கியதை யார் கொண்டுபோய் மாற்றுவது?

வாங்க வேண்டியது அக்ரிலிக் நூலில் பின்னியது, அல்லது மெல்லிய பிளீஸ் (fleece) துணி. இரண்டும் தண்ணீரைக் குறைவாகவே குடிக்கும். சந்தேகம் என்றால் ஒன்றை வாளியில் முக்கிப் பிழிந்து, இரவு வீட்டுக்குள்ளே தொங்கவிட்டுப் பாருங்கள். விடியப் போட முடியாவிட்டால் அனுப்பவேண்டாம். முற்றத்தில் காயப்போட்டுப் பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. யாழ்ப்பாண வெயிலில் மெத்தையும் காயும்.

மார்கழிக்கு மட்டும் என்று நினைப்பது

இங்கே சோளகக் காற்று புழுதி கிளப்புகிற ஆனி, ஆடியில்தான் ஹற்றன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். தேயிலை மலைக்குள்ளால் நடந்து வருகிற பிள்ளை நனைந்த உடுப்போடுதான் பள்ளிக்கூடம் விடும் வரைக்கும் இருக்கும். சுவெற்றருக்கு மேலே ஒரு மழைக்கோட்டு இல்லாவிட்டால் சுவெற்றர் கொடுத்தும் பலனில்லை.

சரி, மார்கழிக்கு வருவோம். கார்த்திகையில் மூட்டை கட்டி வைத்தால் எங்களுடைய மாரி ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். மார்கழியில் கொண்டுபோனால் அங்கே விடுமுறை, வாசல் பூட்டியிருக்கும். முதலாம் தவணை தொடங்கிய கிழமை போங்கள். மழைக்கோட்டை வைகாசிக்கு முன்னர் தனியாக அனுப்புங்கள்.

லேபிளில் உள்ள வயது

வெளிநாட்டு உடுப்பில் ‘10 வயது’ என்று போட்டிருப்பது அந்த நாட்டுப் பிள்ளையின் உடம்புக்கு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 வீதம், தோட்டப்புறத்தில் 32 வீதம். அந்தப் பிள்ளைகள்தான் பிறகு தரம் 5க்கு வருகிறார்கள். ‘10 வயது’ உடுப்பில் கை நுனி விரலை மூடிவிடும், பென்சில் பிடிக்க வராது. மடித்துவிட்டால் மடிப்பு நனைந்து கொப்பியையும் நனைக்கும். நெஞ்சளவு, கை நீளம் இரண்டையும் வகுப்பாசிரியரிடம் கேட்டு எடுங்கள். தையல் நாடா இல்லை என்பார்கள், அதையும் நீங்களே அனுப்புங்கள்.

நிறம்

அதிபரைக் கேளுங்கள். நீங்கள் தெரிவுசெய்ய வேண்டாம்.

வகுப்பில் பாதிப் பேருக்கு

வறிய பிள்ளைகள் பட்டியல் என்று ஒன்று எழுதி, காலைக் கூட்டத்தில் பெயர் கூப்பிட்டுக் கொடுக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. பெயர் கூப்பிட்டால் தலையைக் குனிந்துகொண்டு எழும்பி வருகிற பிள்ளையைப் பார்த்தவர்கள் அதைத் திரும்பச் செய்யமாட்டார்கள். காசு காணாவிட்டால் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு என்று பிரிக்காமல், தரம் 1, தரம் 2 என்று முழு வகுப்பாகக் கொடுங்கள்.

தொப்பி

வேண்டாம். அந்தக் காசுக்கு இன்னொரு சோடி காலுறை.

படம்

பிள்ளைகளை அல்ல, மூட்டையையும் பற்றுச்சீட்டையும் படம் எடுங்கள். காசு தந்தவருக்கு அது காணும்.

மிஞ்சியது

இரண்டு மூன்று மிஞ்சினால் அதிபரின் அலுமாரியில் வைத்துவிட்டு வாருங்கள், தவணை நடுவில் வந்து சேர்கிற பிள்ளைக்கு உதவும். மூட்டையாக மிஞ்சினால் ஏற்றி வந்த வாகனத்திலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். உடைந்த கதிரை மேசை வைக்கவே அங்கே இடமில்லை.