ரங்க சங்கராவில் கதவு சாத்துமுன்

பெங்களூர் ஜே.பி. நகரில் நாடக நடிகை அருந்ததி நாக் முன்நின்று 2004-இல் திறந்த ரங்க சங்கரா நாடக அரங்கில் 7.30 என்றால் 7.30தான். கையில் டிக்கெட் இருந்தாலும் தாமதமாக வந்தால் உள்ளே விடமாட்டார்கள். இருட்டில் சீட் தேடுபவரின் செல்போன் வெளிச்சம் நடிகர் முகத்தில் விழுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்டிப்பின் அருமை புரியும்.

அல்சூரிலிருந்து ஆட்டோ பிடித்து, நெரிசலில் மாட்டி, அம்மாவும் நானும் வாசலோடு திரும்பியதுண்டு. இப்போது மெட்ரோதான்: மெஜஸ்டிக்கில் பச்சை வழிக்கு மாறி ஜே.பி. நகர், அங்கிருந்து ஆட்டோ.

விளம்பரத்துக்குக் காத்திருப்பதும் இல்லை. அரங்கின் நிகழ்ச்சி அட்டவணை வந்ததுமே காலண்டரில் வட்டம் போட்டு அன்றே டிக்கெட் வாங்கிவிடுகிறோம். முந்தி வந்தவருக்கே நல்ல இடம் என்பதால் சீக்கிரமே வரிசையில் நிற்கிறோம். அம்மாவுக்கு ஓர சீட் கிடைத்துவிடுகிறது.