பனிச்சறுக்குக்கென்றே கட்டிய ஆல்ப்ஸ் ஊர்கள்: குடும்பத்தோடு போகிறவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

பிரெஞ்சு ஆல்ப்ஸில் பழைய கிராமத்தின் சாயலே இல்லாத ஊர்கள் பல உண்டு. கோடையில் மாடு மேய்ந்த உயரமான புல்வெளிகளில், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, பனிச்சறுக்கு ஒன்றையே மனதில் வைத்து எழுப்பப்பட்டவை அவை. 1946இல் கூர்ஷெவெல் 1850இன் வேலை தொடங்கியது. 1961இல் லா பிளாஞ், 1966இல் அவோரியாஸ், 1968இல் ஆர்க் 1600 என்று வரிசையாக வந்தன. 1964இல் பிரெஞ்சு அரசே 'பனித் திட்டம்' என்ற பெயரில் இந்தக் கட்டுமானத்தை முடுக்கிவிட்டது. வாசலைத் திறந்தால் பனி, நாலு எட்டில் சரிவின் மேலே ஏற்றிவிடும் லிஃப்ட் என்பதுதான் இவற்றின் வசதி. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இது பெரிய விஷயம். ஸ்கீ பூட்ஸ் மாட்டிய ஐந்து வயதுப் பிள்ளையை, அதன் ஸ்கீயையும் (காலில் மாட்டும் சறுக்குப் பட்டைகள்) தோளில் சுமந்துகொண்டு, பஸ் நிறுத்தம் வரை கூட்டிப்போய்ப் பார்த்தவர்களுக்கு அது புரியும்.

ஆனால் இப்படிக் கட்டிய ஊர்கள் எல்லாம் ஒன்றுபோல இருக்கும் என்று நினைத்து, பெயரை மட்டும் பார்த்துப் பதிவு செய்துவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

லா பிளாஞ் என்பது ஒரு ஊரே அல்ல, சுமார் பத்துக் குடியிருப்புகளின் தொகுப்பு. பெல் பிளாஞ் 2050 மீட்டரில் இருக்கிறது. அதே பெயரின் கீழ் விற்கப்படும் மோன்ஷவான் 1250 மீட்டரில், பழைய கிராமத்தைச் சுற்றி வளர்ந்தது. இரண்டுக்கும் பனியும் வேறு, வெளிச்சமும் வேறு, மாலை நேர நடமாட்டமும் வேறு. லெஸ் ஆர்க்கும் அப்படித்தான். உயரத்தையே பெயராகக் கொண்ட 1600, 1800, 2000 ஆகிய மூன்று குடியிருப்புகளும் பழையவை. 2003இல் திறந்த ஆர்க் 1950 கார்களைத் தரைக்கடியில் அனுப்பிவிட்டு, பழைய கிராமம் மாதிரி வேஷம் கட்டி நிற்கிறது. கட்டிடக் கலை ரசிகர்கள் அதைப் பார்த்து முகம் சுளிக்கலாம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு லெஸ் ஆர்க்கில் நான் முதலில் சொல்வது அதைத்தான். ஆகவே ரிசார்ட்டின் பெயரோடு நிறுத்தாமல், எந்தக் குடியிருப்பு, எந்தக் கட்டிடம் என்பது வரை இறங்கிப் பாருங்கள்.

அடுத்தது கிலோமீட்டர் மயக்கம். கூர்ஷெவெல், வால் தொரான்ஸ் போன்ற ஊர்களை இணைக்கும் மூன்று பள்ளத்தாக்குகள் பகுதியில் 600 கிலோமீட்டர் சறுக்குப் பாதை, லெஸ் ஆர்க்கும் லா பிளாஞ்சும் சேர்ந்த பாரடிஸ்கியில் 425 கிலோமீட்டர் என்று விளம்பரம் கண்ணைப் பறிக்கும். அந்த இரண்டையும் இணைக்கும் வனுவாஸ் எக்ஸ்பிரஸ் 2003இல் வந்தது. ஒரு பெட்டியில் 200 பேர் ஏறக்கூடிய இரண்டு தட்டு கேபிள் கார் அது. பள்ளத்தாக்கைத் தாண்ட நாலு நிமிடம்கூட ஆகாது. பிரமாதம்தான். ஆனால் முதல் முறை ஸ்கீ மாட்டுகிறவர் அந்த வாரம் முழுக்கச் சுற்றப்போவது ஒரே சரிவையும் இரண்டு மூன்று லிஃப்ட்களையும்தான். அவருக்குப் போய் முழுப் பகுதிக்கான லிஃப்ட் பாஸ் வாங்குவது வீண் செலவு. பல ஊர்களில் தொடக்கக்காரர்களுக்கு இலவச லிஃப்ட்களோ குறைந்த விலைப் பாஸோ இருக்கும். சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பாஸே இலவசம். வீட்டில் நன்றாகச் சறுக்கத் தெரிந்தவர் ஒருவர் இருந்தால் அவருக்கு மட்டும் பெரிய பாஸ் எடுங்கள்.

வரைபடத்தில் கிலோமீட்டரை விட நிறத்தைக் கவனியுங்கள். பிரான்சில் பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் ஏறிக்கொண்டே போகும். ஆஸ்திரியாவிலும் இத்தாலியிலும் பொதுவாக நீலத்திலிருந்துதான் தொடக்கம். பச்சைப் பாதை இருந்தால் மட்டும் போதாது, அது எங்கே இருக்கிறது என்பது முக்கியம். ஊருக்குப் பக்கத்திலேயே, வேகமாகப் போகிறவர்கள் குறுக்கே பாயாத இடத்தில் இருக்க வேண்டும். லிஃப்டில் மேலே போய்ச் சறுக்கி, ஊர் வாசலுக்கு வருவதற்கு ஒரு சிவப்புப் பாதைதான் வழி என்றால், தொடக்கக்காரர் மாலையில் லிஃப்டிலேயே கீழே இறங்க வேண்டிவரும். எல்லா லிஃப்டும் இறங்குபவர்களை ஏற்றாது என்பதையும் ஞாபகம் வையுங்கள்.

உயரம் பற்றிய கணக்கும் பாதிதான் சரி. உயரமாக இருந்தால் பனி நிச்சயம் என்பது உண்மை. கிறிஸ்துமஸுக்கும் ஏப்ரலுக்கும் அது கைகொடுக்கும். 2300 மீட்டரில் இருக்கும் வால் தொரான்ஸில் நவம்பர் பிற்பகுதியிலிருந்தே சீசன் தொடங்கிவிடும். ஆனால் அங்கே மரங்கள் கிடையாது. பனி கொட்டும் நாளில் மரங்கள்தான் பாதையின் ஓரத்தைக் காட்டும், காற்றையும் கொஞ்சம் தடுக்கும். அவை இல்லாத இடத்தில் தரையும் வானமும் ஒரே வெள்ளையாகி, சரிவு எது சமதளம் எது என்றே தெரியாது. பெரியவர்களே திணறுவார்கள், பிள்ளை அழுதுவிடும். போதாததற்கு, அந்த உயரத்தில் முதல் இரண்டு இரவு தலைவலி, தூக்கமின்மை என்று சிலர் படுவதுண்டு. கைக்குழந்தை இருந்தால் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிப்ரவரியில் போகிற குடும்பத்துக்கு என்னைக் கேட்டால் 1600இலிருந்து 2000 மீட்டர் வரை போதும். பக்கத்தில் மரங்களும் மேலே உயரமான சரிவுகளும் இருந்தால் நல்லது. ஆர்க் 1600, 1800 இரண்டும் அந்தக் கணக்கில் வருகின்றன.

இனி அப்பார்ட்மென்ட். அதிகம் ஏமாறுவது இதில்தான். 60களிலும் 70களிலும் கட்டிய கட்டிடங்களில் இடத்தை அங்குலம் அங்குலமாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். பகலெல்லாம் வெளியே சறுக்கப்போகிறவருக்கு வீடு எதற்குப் பெரிதாக என்ற எண்ணம். லெஸ் ஆர்க்கில் வடிவமைப்பாளர் ஷார்லொத் பெரியான் குளியலறைகளைத் தொழிற்சாலையிலேயே முழுதாக வார்த்துக் கொண்டுவந்து பொருத்தவைத்தார். ஃப்ளேன் என்ற இடத்தில் கட்டிடக் கலைஞர் மார்செல் ப்ராயர் வெறும் கான்கிரீட்டில் ஒரு ஊரையே கட்டினார்; அங்கே வெட்டவெளியில் பிக்காசோவின் சிற்ப வடிவம் ஒன்றும் நிற்கிறது. பார்க்க எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் காலத்து 25 சதுர மீட்டர் ஸ்டூடியோவில் (ஒற்றை அறை வீடு) 'நான்கு பேர் தங்கலாம்' என்று போட்டிருந்தால், இரண்டு பேர் தினமும் விரித்து மடக்கும் சோஃபாவிலும், இரண்டு பேர் வாசலுக்குப் பக்கத்து இடைகழியில் ஜன்னலில்லாத பங்க் கட்டிலிலும் படுப்பார்கள் என்று பொருள். ஈர ஜாக்கெட், கையுறை, சாக்ஸ் எல்லாம் காய்வதும் அதற்குள்ளேதான். எத்தனை பேர் என்ற எண்ணை விட்டுவிட்டு, சதுர மீட்டரையும் தரைப்படத்தையும் பாருங்கள். நான்கு பேருக்கு 40 சதுர மீட்டராவது இருந்தால்தான் அந்த ஒரு வாரம் முடியும்போதும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டிருப்பீர்கள். படுக்கை விரிப்பு, துண்டு, கிளம்பும்போது துப்புரவு இவையெல்லாம் வாடகையில் சேர்த்தியா என்பதையும் கேளுங்கள், பல இடங்களில் தனிக் கட்டணம்.

சமையலறை இருப்பதை லேசாக எண்ண வேண்டாம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு மலை உணவகங்களில் சீஸ் நிறையக் கிடைக்கும், ஆனால் உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துச் செய்யும் தார்த்திஃப்லெத்தில் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். அரிசி, பருப்பு, மசாலாப் பொடி வீட்டிலிருந்து போகட்டும்; மற்றதை மேலே ஏறுமுன் பள்ளத்தாக்கு ஊரின் சூப்பர்மார்க்கெட்டில் வாங்குங்கள். மேலே உள்ள கடையில் விலை கூடுதல்.

கார் இல்லாத ஊர் என்றால் பாதுகாப்பு, அமைதி. சரி, ஆனால் காரை ஊர் வாசலில் விட்டபின் பெட்டிகளை யார் தூக்குவது? அவோரியாஸில் குதிரை பூட்டிய பனிவண்டியோ பனி ஊர்தியோ காசுக்குக் கிடைக்கும். அங்கே தெருவே பனிதான். குழந்தை வண்டியைத் தள்ளவே முடியாது, ஒரு சறுக்குப் பலகையில் உட்காரவைத்து இழுத்துக்கொண்டு போக வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் அவோரியாஸ் குடும்பங்களுக்கு அருமையான ஊர். 1968 ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வென்ற பனிச்சறுக்கு வீராங்கனை ஆனி ஃபமோஸ் தொடங்கிய 'குழந்தைகள் கிராமம்' என்ற பிள்ளைகளுக்கான ஸ்கீ பள்ளி ஊரின் நடுவிலேயே இருக்கிறது. ஸ்கீ வேண்டாம் என்கிற பாட்டிக்கோ சித்திக்கோ உள்ளரங்க நீர்ப் பூங்கா ஒன்றும் உண்டு. இந்தப் பாட்டி, சித்தியை மறந்துவிடுவதும் வழக்கமான தவறுதான். கட்டி எழுப்பிய ஊர்களில் சுற்றிப்பார்க்கப் பழைய கடைத்தெரு கிடையாது. நடைபாதை, நீச்சல் குளம், ஸ்கீ இல்லாமல் ஏறி இறங்கக்கூடிய கொண்டோலா (மூடிய கேபிள் பெட்டி) இவற்றில் குறைந்தது இரண்டு இருந்தால்தான் அவர்களுக்குப் பொழுது போகும்.

தேதியை எடுத்துக்கொண்டால், பிரான்சில் பள்ளிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து, பிப்ரவரி, மார்ச்சில் நான்கு வாரங்களுக்குள் மாற்றி மாற்றி விடுமுறை விடுகிறார்கள். பாரிஸ் மண்டலத்துக்கும் பிரிட்டிஷ் பள்ளிகளுக்கும் விடுமுறை ஒன்றாக வரும் வாரத்தில் விலையும் கூட்டமும் உச்சத்துக்குப் போகும். பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் என்றால் ஜனவரி நடுவில் போய்விடுங்கள்.

பதிவு செய்யும் வரிசையும் பலரிடம் தலைகீழாக இருக்கிறது. விமானம், வீடு, கடைசியில் ஸ்கீ பள்ளி. நெரிசல் வாரங்களில் குழந்தைகள் வகுப்பும் குழந்தைக் காப்பகமும்தான் முதலில் நிரம்பும். எனவே வகுப்பில் இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், வகுப்பு கூடும் இடம் எது என்று கேட்டு, அதற்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு எடுங்கள். அப்புறம் பயணம். காரில் போனால் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை மலைப் பகுதிகளில் குளிர்கால டயரோ சக்கரத்தில் மாட்டும் பனிச் சங்கிலியோ கட்டாயம். வாடகை வீடுகளில் ஆள் மாறும் நாள் பெரும்பாலும் சனிக்கிழமை என்பதால், அன்று ஆல்பெர்வில்லிலிருந்து மூத்தியே போகும் சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கும். லெஸ் ஆர்க் என்றால் ரயிலில் பூர்-சான்-மொரீஸ் வந்து, அங்கிருந்து மலை ரயிலில் ஏழு நிமிடத்தில் ஆர்க் 1600க்கு ஏறிவிடலாம். மற்ற ஊர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை சாவி கொடுக்கும் வீடு கிடைக்குமா என்று விசாரித்துப் பாருங்கள்.