மரபணு மாற்றமோ இனத்தேர்வோ: நெறி நோக்கில் எடைபோடும் முறை

மரபணுத் திட்டம் ஒன்றையோ கால்நடை இனவிருத்தி முறை ஒன்றையோ நெறி நோக்கில் ஆராய முற்படுகிறவர், 'இது இயற்கையா, செயற்கையா' என்ற கேள்வியை முதலில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும். பெல்ஜியன் புளூ மாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தசை வளர்ச்சியை மட்டுப்படுத்தும் மயோஸ்டேட்டின் மரபணுவில் தானாக நேர்ந்த ஒரு பிறழ்வால் தசை பருத்த மாடுகளையே தலைமுறைதோறும் பொறுக்கி இணைசேர்த்து உருவாக்கிய இனம் அது. எந்த ஆய்வகமும் அதில் கைவைக்கவில்லை. ஆயினும் கன்றின் பருமனுக்குத் தாயின் பிறப்புவழி இடங்கொடாததால், பெரும்பாலான கன்றுகளை அறுவை செய்துதான் வெளியே எடுக்கிறார்கள். பலமுறை ஈன்ற பசுவின் விலாவில் தழும்புகள் வரிசையாகத் தெரியும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, பலன் யாருக்கு, அதன் பாரத்தைச் சுமக்கும் உடல் எது என்பதே. இதற்குக் கண்ணில் படுகிற விலங்கை மட்டும் பார்த்தால் போதாது. ஏறத்தாழ ஆறு வாரங்களில் எடைக்கு வந்துவிடும் கறிக்கோழி தன் உடலைத் தாங்கமாட்டாமல் நொண்டுவதைப் பலரும் அறிவர். அதன் தாய்க்கோழியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதே பசியோடு பிறந்த அது வயிறார உண்டால் கொழுத்து முட்டையிடும் திறனை இழக்கும் என்பதால், தீவனத்தை அளந்து குறைத்தே போடுகிறார்கள். வளர்பருவம் முழுவதையும் அது பசியோடு கழிக்கிறது.

மனிதக் கருவென்றால், இதே பயனை அடைய வேறு எளிய வழி இருந்ததா என்று கேளுங்கள். 2018-இல் சீன ஆய்வாளர் ஹே ஜியான்குய், எச்ஐவி தொற்றாதிருக்க வேண்டும் என்று, அக்கிருமி உயிரணுவுக்குள் நுழைய வழிவிடும் சிசிஆர்5 மரபணுவைக் கருவிலேயே திருத்தி, இரட்டைப் பெண்குழந்தைகள் பிறந்துவிட்டதாக அறிவித்தார். எச்ஐவி உள்ள தந்தையிடமிருந்து குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்க விந்தணுக்களைக் கழுவிப் பிரித்தெடுக்கும் முறை முன்பே இருந்தது. அந்தக் குழந்தைகளிடம் ஒப்புதல் கேட்கவும் வழியில்லை. திருத்தம் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் போகக்கூடும். 2019-இல் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2023-இல் அனுமதி பெற்ற அரிவாள் செல் சோகை என்ற பரம்பரை இரத்த நோய்க்கான மரபணுச் சிகிச்சையோ நோயாளியின் இரத்தக் குருத்தணுக்களை மட்டுமே திருத்துகிறது. அது அவரோடு முடிந்துவிடும். அதில் உள்ள சிக்கல் வேறு: அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர்.

நோவைக் குறைப்பதற்கான மாற்றம் என்றாலும் உடனே தலையாட்டிவிட வேண்டாம். கொம்பைச் சுட்டெடுக்கும் வேதனை வேண்டாம் என்று மரபணுவைத் திருத்திக் கொம்பில்லாக் கன்றுகளை உருவாக்கியபோது, அதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. (நெருக்கியடித்த கொட்டிலுக்கு ஏற்ப மாட்டை மாற்றாமல், கொட்டிலை விசாலமாக்கினால் என்ன என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.) தேவையற்ற மாற்றம் எதுவும் நிகழவில்லை என்றே உருவாக்கியவர்கள் கூறியிருந்தார்கள். 2019-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் மரபுத்தொகுதி முழுவதையும் படித்துப் பார்த்தபோது, மருந்தெதிர்ப்பைத் தரும் பாக்டீரியா மரபணுக்களும் அதில் ஒட்டிக்கொண்டிருப்பது தெரியவந்தது. எனவே, திட்டத்தை முன்வைப்பவரின் சோதனை முடிவுகளைப் படித்து முடித்தபின், அந்த விலங்கை விற்றுப் பயனடையாத வேறொருவர் அதே மாதிரியைச் சோதித்திருக்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள்; பதில் கைக்கு வரும்வரை உங்கள் கருத்தைப் பதிவு செய்யாதீர்கள்.