பி.டி.எஸ். படிக்கப் பணம்: தருமபுரி, கிருஷ்ணகிரி பிள்ளைகள் எங்கிருந்து தொடங்கலாம்?

என் அக்கா மகள் சின்ன வயதில் போட்டோவுக்கு வாயைத் திறந்து சிரிக்கவே மாட்டாள். பாலக்கோடு பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரில் வளர்ந்த பிள்ளை. தண்ணீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடால் முன்பல் இரண்டிலும் கறை. இந்தக் கறைக்காகவே 2013-ல் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வர வேண்டியிருந்த ஊர் நம்முடையது. இங்கே பல் டாக்டர்கள் இன்னும் நிறைய வேண்டும். அவள் பல் மருத்துவம்தான், அதாவது பி.டி.எஸ்.தான் படிப்பேன் என்றபோது மாமா கேட்ட ஒரே கேள்வி, "அஞ்சு வருசத்துக்குப் பணம்?" நாலு வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி. அந்தக் கேள்விக்கு நாங்கள் பதில் தேடிய வரிசையைத்தான் எழுதுகிறேன்.

முதல் வேலை, சான்றிதழ்கள். நீட் ரிசல்ட் வரும்வரை காத்திருக்காதீர்கள். சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என நான்கையும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று கைமாறி வர நாளாகும். முதல் பட்டதாரி சான்றுக்கு அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கூடப் பிறந்தவர்கள் எல்லாருடைய படிப்பு விவரமும் கேட்பார்கள். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே டிகிரி முடித்திருந்தால் அது கிடைக்காது.

எங்களுக்குச் சிக்கல் வேறொரு இடத்தில் வந்தது. மார்க் ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. மூன்றையும் ஒன்றாக்கவே மூன்று வாரம் போனது. இன்றைக்கே மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள். மாணவர் பெயரில் உள்ள கணக்கில் ஆதார் இணைந்திருக்கிறதா என்றும் வங்கியில் கேளுங்கள். இணையாவிட்டால் உதவித்தொகை அனுமதியானாலும் கணக்குக்கு வராது.

அடுத்தது, எந்த சீட். பண உதவியில் முக்கால்வாசி இங்கேயே முடிவாகிவிடுகிறது என்பேன். நம் இரண்டு மாவட்டத்திலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி இல்லை. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் இருக்கின்றன. அங்கே ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் முடியும், தனியாரில் லட்சங்கள். தனியார் கல்லூரியிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் உண்டு. அவற்றுக்குக் கட்டணத்தை நிர்ணயிப்பது அரசு அமைத்த குழு. நிர்வாக ஒதுக்கீட்டிலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ சேர்ந்தால் அரசின் பெரும்பாலான கட்டணச் சலுகைகள் கைக்கு வராது. "சீட் இருக்கு, அட்வான்ஸ் கட்டுங்க" என்று போன் வந்தால் அவசரப்படாதீர்கள். கலந்தாய்வு முடியும்வரை பொறுங்கள்.

6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால், தனியார் கல்லூரியாக இருந்தாலும் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதற்குத் தலைமையாசிரியரிடம் வாங்கும் படிப்புச் சான்று முக்கியம். நடுவில் பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளிக்கும் போய் வாங்க வேண்டியிருக்கும்.

சேர்ந்த பிறகு, கல்லூரியின் ஸ்காலர்ஷிப் பிரிவில் பேசுங்கள். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான) உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்கும் தனித் திட்டம் உண்டு. இவற்றுக்கு யூமிஸ் என்ற, கல்லூரி மாணவர்களுக்கான அரசு இணையதளத்தில் விண்ணப்பம் போகும். அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டம், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம். மாதம் 1,000 ரூபாய். பஸ்ஸுக்கும் மெஸ்ஸுக்கும் அது பெரிய ஆறுதல்.

இவ்வளவுக்கும் பிறகு எவ்வளவு குறைகிறது என்று பார்த்து, அதற்கு மட்டும் கல்விக் கடன் வாங்குங்கள். மத்திய அரசின் கல்விக் கடன் தளமான பிஎம் வித்யாலட்சுமியில் விண்ணப்பிக்கலாம். வழக்கமாக 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. அதற்கு மேல் போனால் பத்திரம் வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்டத் தேவையில்லை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கணக்குக்கு, முதல் வருடம் 1.5 லட்சம் எடுக்கிறீர்கள், வட்டி 10 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 15,000. இதை அவ்வப்போது கட்டிவிட்டால் கடைசியில் அசலோடு சேர்ந்து மலையாக நிற்காது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியும் அதன் விதிகளுக்குள் வந்தால், தவணை கட்டத் தேவையில்லாத அந்தக் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் திட்டம் இருக்கிறது. கடன் வாங்கும்போதே அதைக் கேட்டு எழுதிக் கொடுங்கள்.

ஒரு வங்கிக் கிளையில் எங்களை "உங்க ஏரியா இது இல்லை" என்று வாயாலேயே திருப்பி அனுப்பினார்கள். மாமா தலை குனிந்து வெளியே வந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. உங்களுக்கும் அப்படி நடந்தால், மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அப்புறம் அந்தத் தாளோடு, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். கலெக்டர் ஆபீஸ் நடத்தும் கல்விக் கடன் முகாம் அறிவிப்பையும் கவனித்துக்கொண்டே இருங்கள்.

பல் மருத்துவத்தில் பலர் மறந்துவிடும் செலவு, கருவிகள். முதல் வருடத்திலேயே மெழுகுக் கட்டியில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்க வேண்டும். அதற்குக் கத்தி, மெழுகு, பிளாஸ்டர். பிறகு பயிற்சிப் பற்கள், வாய்க்குள் பார்க்கும் கண்ணாடி, ஃபோர்செப்ஸ் என்று வருடா வருடம் பட்டியல் நீளும். கல்லூரி லெட்டர்ஹெட்டில் இந்தச் செலவையும் சேர்த்து மதிப்பீடு வாங்கி வங்கியில் கொடுத்தால் கடனில் அதுவும் அடங்கும். பாதிக் கருவிகளை சீனியர்களிடம் பாதி விலைக்கு வாங்கலாம். அக்கா மகள் அப்படித்தான் வாங்கினாள். அவள் செதுக்கிய முதல் மெழுகுப் பல் எங்கள் வீட்டு டிவி மேல் இருக்கிறது. கறை இல்லாத முன்பல்.