எல்லாரும் ஏழுதான் எண்ணினார்கள்

வாளையாரைத் தாண்டி கோவைக்கும் பாலக்காட்டுக்கும் போய்வரும் பேண்டுப் பையன்களுக்கு இப்போது செவன்-எய்ட்டில், அதாவது ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) ஏழு எய்த் நோட் வரும் கணக்கில், ஒரு பாட்டாவது வைத்திருக்க வேண்டும் என்று ஆசை. ரிகர்சலில் வழுக்கிக்கொண்டு போகும் அந்தப் பாட்டு மேடையில் சரிகிறது. காரணங்கள் பழையவைதான், நாங்களும் விழுந்த குழிகள்; கீழே ஒவ்வொரு தலைப்பும் ஒரு குழி. ட்யூன் பண்ணுங்கள், பிராக்டிஸ் பண்ணுங்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறோம்.

கூட்டுத்தொகை சரி, பிரிப்பு வேறு

இன்றைக்கும் எரிச்சல் மூட்டுவது இதுதான். கிட்டாரிஸ்ட் ரிஃப்பை (திரும்பத் திரும்ப வரும் மெட்டுத் துண்டு) 2+2+3 என்று வாசிக்கிறார். டிரம்மர் சின்ன வயதில் மிருதங்கம் கற்றவர். ஏழு என்றதும் அவர் கை தானாக மிஸ்ர சாப்புக்குப் போகிறது, தகிட தகதிமி, 3+4. இருவரும் ‘ஒன்று’இல், அதாவது பாரின் முதல் தட்டில், சந்திப்பதால் ரிகர்சலில் குறை தெரியாது. ‘டைட்டா இருக்கு’ என்றுகூடச் சொல்வார்கள்.

மேடையில் டிரம்மர் ஃபில் (இடையில் நிரப்பும் சின்ன உருட்டு) போடும்போது ஸ்னேர் டிரம் அடி நான்காவது எய்த் நோட்டில் விழுகிறது. கிட்டாரின் மூன்றாவது அழுத்தமோ ஐந்தாவதில். ஸ்னேரை நம்பி வாசிக்கும் பேஸ் பிளேயர் அதையே மூன்றாவது அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு மூன்று எண்ணி முடித்தால், அடுத்த ‘ஒன்று’ ஒரு எய்த் நோட் முன்னால் வந்துவிடும். 150 பிபிஎம்மில் (நிமிஷத்துக்கு 150 குவார்ட்டர் நோட், ஒவ்வொன்றிலும் இரண்டு எய்த் நோட்) அது 0.2 விநாடி. அடுத்த பாரில் பாடகர் எங்கே எடுப்பது என்று திரும்பிப் பார்ப்பார். இறங்கிவந்து கேட்டால் மூவரும் ஒரே பதில்: ‘நான் கரெக்டா ஏழுதான் எண்ணினேன்.’ கிட்டாரிஸ்டும் டிரம்மரும் சொல்வது உண்மைதான்!

பிரிப்பை முடிவு செய்ய வேண்டியது ரிஃப், டிரம்மர் அல்ல. சார்ட்டில் (பாட்டின் குறிப்புத் தாளில்) முதல் பாருக்கு மேலே 2+2+3 என்று பெரிதாக எழுதுங்கள். பிறகு வாத்தியத்தைத் தொடாமல், எல்லாரும் ‘தக தக தகிட’ என்று சொல்லிக்கொண்டே மூன்று தட்டு. 75 பிபிஎம்மில் தொடங்கி, எட்டு முறை பிசகாமல் வந்தால் நாலு பிபிஎம் கூட்டுங்கள். மிருதங்கம் கற்றவரிடம் இவ்வளவு விளக்கவும் வேண்டாம். சியாமா சாஸ்திரி கையாண்ட விலோம சாப்பு, அதாவது 4+3 என்று சொல்லுங்கள், அந்த நான்கை இரண்டிரண்டாக உடைத்தால் ரிஃப் வந்துவிடும். அவரிடம் ஏற்கெனவே இருக்கிற கணக்குதான், யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஏழையும் கையால் அடிப்பது

கை காட்டுகிறவர் பெரும்பாலும் கீபோர்டுக்காரர். 0.2 விநாடிக்கு ஒரு அடி என்று ஏழையும் காட்டினால் டிரம்மருக்குக் கை நடுங்குவது மாதிரிதான் தெரியும். மூன்று அசைவு போதும்: கீழே, வெளியே, மேலே. முதல் இரண்டும் 0.4 விநாடி, கடைசி 0.6. அந்தக் கடைசி அசைவு உயரமாகத் துள்ளி எழ வேண்டும். பதற்றத்தில் மூன்றையும் சமமாக்கினால் பாட்டு வால்ட்ஸ் ஆகிவிடும். பகுதி மாறுவதை ஒரு முழு பார் முன்னதாகக் காட்டுங்கள். ‘ஒன்று’ விழும்போது காட்டும் கை யாருக்கும் பயன்படாது.

‘ஒன் டூ த்ரீ ஃபோர்’ என்று தொடங்குவது

வேகம் கிடைக்கும், பிரிப்பு கிடைக்காது. இரண்டு பார் ‘தக தக தகிட’ சொல்லித் தொடங்குங்கள்.

குவார்ட்டர் நோட் கிளிக்

செவன்-எய்ட்டுக்கு குவார்ட்டர் நோட் கிளிக் (காதில் கேட்கும் மெட்ரோனோம் தட்டு) வைத்தால், ஒரு பாரில் ‘ஒன்று’ கிளிக்கின் மேல் விழும், அடுத்த பாரில் இரண்டு கிளிக்குக்கு நடுவில் விழும். காதில் அது புரண்டதும், தப்பு தன்னுடையது என்று நினைத்து டிரம்மர் ஒரு எய்த் நோட்டைச் சேர்த்துவிடுவார். எய்த் நோட் கிளிக் வைத்து 1, 3, 5-இல் அழுத்தம் கொடுங்கள்.

ரிஃப் ஏழிலும் டிரம்ஸ் நாலிலும் போகும் பாட்டு வேறு கதை. அங்கே குவார்ட்டர் கிளிக்தான் சரி. ஏழு எய்த் நோட் ரிஃப் எட்டும், டிரம்ஸின் எட்டு எய்த் நோட் பார் ஏழும் 56 எய்த் நோட்டில் சந்திக்கும். அந்த இடத்தில் டிரம்மர் கிராஷ் சிம்பல் அடிக்கட்டும்.

செண்டைக்காரர்களுக்கு இன்-இயர் கொடுப்பது

பாலக்காட்டுப் பக்கம் மேடைக்குக் கீழே செண்டை நிறுத்துவது அழகுதான். ஆனால் அந்தச் சத்தத்துக்குள் இன்-இயரில் (காதுக்குள் வைக்கும் மானிட்டரில்) கிளிக் கேட்காது. பஞ்சாரி மேளம், கேரளக் கோயில் செண்டை மேளம், 96, 48, 24, 12, 6 அட்சரம் என்று சுற்றைப் பாதி பாதியாகக் குறைத்து வேகம் ஏறுகிற மரபு. கிளிக்குக்குக் கட்டுப்படுவது அவர்கள் பழக்கமல்ல. இலைத்தாளக்காரர் (கைச் சிம்பல் அடிப்பவர்) ஒருவர் உங்கள் கையைப் பார்க்கும்படி நிறுத்துங்கள், மற்றவர்கள் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். 20 மீட்டர் தள்ளி நின்றால் மேடைச் சத்தம் அவர்களை அடைய ஏறக்குறைய 0.06 விநாடி ஆகும். 150 பிபிஎம்மில் அது ஒரு சிக்ஸ்டீன்த் நோட்டில் (எய்த் நோட்டின் பாதி) பாதிக்கு மேல். ஆகவே காதை நம்ப வேண்டாம், கண்ணை நம்பட்டும்.

தொலைந்ததும் ஆளாளுக்குத் தேடுவது

நிறுத்துங்கள். டிரம்மர் மட்டும் கிக்கை, அதாவது காலால் அடிக்கும் டிரம்மை, ‘ஒன்று’க்கு மட்டும் அடிக்கட்டும். கை காட்டுகிறவர் முஷ்டியைத் தூக்கினால் அடுத்த ‘ஒன்று’இல் எல்லாரும். அதுவரை பேஸ் கூட வேண்டாம்.