பழைய கேம்பர் கூண்டை வீட்டிலேயே புதுப்பிக்க: நீர் புகும் வழியிலிருந்து தொடங்குங்கள்

பயணத்தில் தங்கவும் தூங்கவும் பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஏற்றி இறக்கும் கேம்பர் கூண்டு ஒன்றைப் பழையதாக வாங்கியவர்கள், பெரும்பாலும் உட்புறத்தில் புதுப் பலகை அடிப்பதிலும் மெத்தை தைப்பதிலும் வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். தென்காசி மாவட்டத்துச் செங்கோட்டை, புளியரைப் பக்கம் அப்படித் தொடங்கினால் இரண்டு சாரல் காலத்துக்குள் செலவழித்ததெல்லாம் ஊறிப்போகும். மரச்சட்டத்தால் ஆன கூண்டு வயதானதால் கெடுவதில்லை. எங்கோ ஓர் ஆணித்துளை வழியாகப் புகும் நீரால்தான் கெடுகிறது. அந்த வழியைக் கண்டுபிடித்து அடைப்பதே புதுப்பித்தலின் முக்கால் பங்கு என்பது என் உறுதியான கருத்து.

புனலூரிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியாக நான் கொண்டுவந்த கூண்டு, வெளித்தோற்றத்தில் பழுதில்லாமல்தான் இருந்தது. ஓட்டுநர் அறைக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கைப் பகுதியின் முன்மூலையில் மட்டும் உட்பலகை சற்று உப்பியிருந்தது. அதைக் கழற்றி, உள்ளேயிருந்த சட்டத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன். கைப்பிடி வரை இறங்கியது. வேகவைத்த மரவள்ளிக் கிழங்கைப் போல மரம் நார்நாராகப் பிரிந்து வந்தது. கசிவு அந்த மூலையில் இருக்கும் என்று நினைத்துத் தேடினால், நீர் புகுந்த இடம் அங்கிருந்து நான்கடி பின்னால், கூரைச் சன்னலின் ஓரத்தில் இருந்தது. சட்டத்தின் மேல் வழிந்து வந்து தாழ்ந்த இடத்தில் தேங்கியிருக்கிறது. ஆகவே, ஈரம் தெரியும் இடத்தை மட்டும் பழுதுபார்ப்பது பயன் தராது.

கசிவைத் தேட மழைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கூண்டின் எல்லாச் சன்னல்களையும் கதவையும் மூடி, ஒரே ஒரு திறப்பில் அட்டை வைத்து அடைத்து, அதில் துளையிட்டு, பட்டறையில் தூசி ஊதப் பயன்படுத்தும் ப்ளோயரின் வாயைச் செருகிக் காற்றை உள்ளே செலுத்துங்கள். பிறகு சோப்புத் தண்ணீரை வெளிப்புற இணைப்புகள், ஆணித் தலைகள், விளக்கு பொருத்திய இடங்கள், மூலைப்பட்டிகள் மேல் தெளித்தால், ஓட்டை உள்ள இடத்தில் நுரை பொங்கும். ஒவ்வொன்றையும் மெழுகுக் கட்டியால் வட்டமிட்டுக்கொள்ளுங்கள். இந்தச் சோதனையைப் பிரிப்பதற்கு முன் ஒரு முறையும், வெளித்தகடு அடித்து முடித்து உட்பலகை அடிப்பதற்கு முன் மறுபடியும் செய்ய வேண்டும். இரண்டாவது முறையைத் தவிர்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும், தவிர்க்காதீர்கள்.

வேலைக் காலத்தை நம் ஊர் வானிலையை ஒட்டியே அமைத்துக்கொள்ள வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியே சாரல் வீசும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. எனவே ஜனவரியில் பிரித்து, பிப்ரவரி முழுவதும் சட்டத்தை வெயில் படாத காற்றோட்டமான கொட்டகையில் உலரவிட்டு, மார்ச், ஏப்ரலில் கட்டி, மே மாதத்துக்குள் வெளிப்புறத்தை முடித்துவிடுவது நல்லது. பிரிக்கும்போது ஒவ்வொரு பலகையிலும் எண்ணிட்டு, கழற்றும் வரிசையிலேயே படமெடுத்துக்கொள்ளுங்கள். உளுத்துப்போன துண்டானாலும், புதிய சட்டத்துக்கு அதுதான் அளவுமாதிரி. வேலை முடியும் வரை எதையும் அடுப்புக்கு அனுப்பக் கூடாது.

இனி மரம். செங்கோட்டை மரக்கடைகளில் குறைந்த விலைக்கு ரப்பர் மரம் கிடைக்கும். அதை வாங்காதீர்கள். அதில் மாவுச்சத்து மிகுதி என்பதால் பூச்சியும் பூஞ்சையும் எளிதில் பற்றும். மருந்தேற்றிய ரப்பர் மரம் வீட்டுச் சாமான்களுக்கு ஏற்றதே தவிர, ஈரம் படக்கூடிய கூண்டுச் சட்டத்துக்கு ஏற்றதல்ல. கேரளத்தில் வள்ளம் கட்டப் பயன்படுத்தும் ஆஞ்சிலியை நம் பக்கம் அயினி என்பார்கள். நீரைத் தாங்கும், தேக்கை விட விலை குறைவு, ஆணி நன்றாகப் பிடிக்கும். நன்கு காய்ந்த அயினியில் ஒன்றரை அங்குல ரீப்பர் அறுத்து வாங்கி, அழுகிய பகுதிக்கு அப்பால் நல்ல மரம் ஓரடியாவது கிடைக்கும் வரை பழையதை வெட்டி எடுத்து, இரண்டு துண்டிலும் பாதிக் கனத்தைச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்று படியவைத்து, எபாக்ஸி பசையும் 304 ரக ஸ்டெயின்லெஸ் திருகும் கொண்டு இணையுங்கள். அலுமினியத் தகட்டைச் சாதாரண இரும்புத் திருகால் பிடித்தால், ஈரக் காற்றில் இரண்டு உலோகங்களும் உரசும் இடத்தில் அரிப்பு தொடங்கி, துளை பெரிதாகிக்கொண்டே போகும். பழைய கூண்டுகளில் கசிவு இப்படியும் வருகிறது.

பிளைவுட் வாங்கும்போது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ள மரைன் ரகத்தைக் கேளுங்கள். முத்திரையை மட்டும் நம்பி நான் ஒரு முறை ஏமாந்தேன். மரைன் என்று சொல்லிக் கொடுத்த பலகை முதல் நனைப்பிலேயே அடுக்கடுக்காக விரிந்தது. அதன் பிறகு, உள்ளங்கை அளவு துண்டு ஒன்றை முதலில் வாங்கி, வீட்டில் பானையில் போட்டுப் பகல் முழுவதும் கொதிக்கவைத்துப் பார்க்கிறேன். அந்தத் தரத்துக்குரிய சோதனையே 72 மணி நேரக் கொதிநீர் என்பதால், ஒரு பகல் கொதிக்கும்போதே பிரியும் பலகை மரைன் அல்ல.

கனத்தையும் கவனிக்க வேண்டும். எட்டுக்கு நான்கு அடி அளவில் 12 மி.மீ. பலகை ஏறக்குறைய 23 கிலோ இருக்கும், 6 மி.மீ. பலகை அதில் பாதிதான். தரைக்கு மட்டும் 12 மி.மீ. போட்டு, சுவருக்கும் அலமாரிக்கும் 6 மி.மீ. பயன்படுத்துங்கள். தண்ணீர்த் தொட்டி 50 லிட்டர் என்றால் 50 கிலோ என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, தொட்டி, பேட்டரி போன்ற கனமானவற்றைப் பின்அச்சுக்கு முன்னால், தாழ்வாக வையுங்கள். முடிந்ததும் எடைமேடையில் முழு வண்டியையும், பின்அச்சைத் தனியாகவும் நிறுத்துப் பார்த்து, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடை வரம்போடு ஒப்பிடுங்கள். ஆரியங்காவு வளைவுகளில் பின்புறம் கனத்த வண்டியின் முன்சக்கரம் பிடி இழப்பது விளையாட்டல்ல.

வெளித்தகட்டை ஓடு வேய்வது போலக் கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும். மேல்தகடு கீழ்த்தகட்டின் மேல் ஏறி நிற்க வேண்டும். சன்னல், மூலைப்பட்டி ஆகியவற்றின் அடியில் பியூட்டைல் டேப் வைத்துத் திருகுங்கள். மறுநாள் வெயிலில் அது இளகிய பிறகு மீண்டும் ஒரு சுற்று இறுக்கி, பிதுங்கியதை வழித்துவிட்டு, விளிம்பில் பாலியூரித்தேன் சீலன்ட் இடுங்கள். சிலிக்கானை மட்டும் கூண்டின் பக்கமே கொண்டுவராதீர்கள். அது ஒரு முறை பட்ட இடத்தில் பெயின்டும் பிடிக்காது, அடுத்த சீலன்ட்டும் ஒட்டாது.

கூரைக்கு எஃப்ஆர்பி, அதாவது ரெசினில் ஊறிய கண்ணாடி இழைப் பூச்சு, போடுவதாக இருந்தால், 450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) கண்ணாடி இழைப் பாயை இரண்டு அடுக்காகப் போடலாம். பாலியெஸ்டர் ரெசினில், இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட் திரவத்தை முதலில் கலந்து முழுமையாகக் கரைத்த பிறகே, அதை இறுகவைக்கும் எம்இகேபி ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கக்கூடும்; இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்காதீர்கள், ஒரே கரண்டியால் அளக்காதீர்கள். ஏப்ரல் வெயிலில் ரெசின் விரைவாக இறுகும் என்பதால், விடியற்காலையில், அரைக் கிலோவுக்கு மிகாமல் சிறிது சிறிதாகக் கலக்குங்கள். ஹார்ட்னர் ஒரு சதவீதம் போதும்.

மின்சாரத்தில் சொல்ல வேண்டியது குறைவு. 12 வோல்ட்டில் 60 வாட் குளிர்பெட்டிக்கு 5 ஆம்பியர் ஓடும் என்பதால், வீட்டு விளக்குக்கு இடும் மெல்லிய கம்பி போதாது. பேட்டரியின் நேர்முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும். சமையல் கேஸ் காற்றை விடக் கனமானது. சிலிண்டர் அறை உட்புறத்துக்கு முற்றிலும் அடைபட்டு, அடியில் வெளிப்பக்கம் திறந்திருக்க வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வண்டியின் பின்தொட்டியை அறுப்பதோ, அடிச்சட்டமான சேசிஸில் பற்றவைப்பதோ வேண்டாம். கூண்டு கழற்றக்கூடியதாகவே இருக்கட்டும். அப்போதும், வேலை தொடங்கும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அளவுகளைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது கூண்டுக்குள் எவரும் இருக்கக் கூடாது.

உட்பலகைகளைப் பசையால் ஒட்டாமல் திருகால் மட்டும் பிடியுங்கள். முதல் சாரல் தொடங்கி ஒரு வாரம் நனைந்த பிறகு, கூரைச் சன்னலுக்குக் கீழுள்ள பலகையையும் படுக்கைப் பகுதியின் முன்மூலைப் பலகையையும் கழற்றி, சட்டத்தின் மேல் ஒரு செய்தித்தாள் துண்டை அழுத்திப் பாருங்கள். தாள் காய்ந்தபடியே வந்தால் பலகையைத் திரும்பத் திருகிவிடலாம்.